வாலியும் விடுபட்ட ராப் ஆல்பங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருந்தன. ஒன்று, ஜூலை 18 நினைவு நாளையொட்டிக் கவிஞர் வாலியைப் பற்றி எழுதப்பட்டது. மற்றொன்று, திரைப்படம் சாராத தமிழ் இசை ஆல்பங்களில் அவசியம் கேட்க வேண்டியவை என்று தங்கள் இசை விமர்சகர் தொகுத்த பட்டியல். இரண்டையும் ஆர்வத்தோடு படித்தேன். இரண்டிலும் குறை உண்டு என்றாலும், தனித்தனியாக அவற்றில் இருக்கும் குறையைவிட, எதிரெதிரே அச்சாகியும் அந்த இரு கட்டுரைகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

பட்டியலின் முன்னுரையில், மலேசியாவின் ‘யோகி பி அண்ட் நட்சத்திரா’ குழுவினர் 2006-இல் ‘இளையராஜாவின் மடை திறந்து பாட்டை’ ராப்பாக மாற்றிப் பாடினார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பாட்டை எழுதியவர் வாலி. அந்தத் தகவல் அந்த வரியிலும் இல்லை, எதிர்ப்பக்கத்து நினைவுக் கட்டுரையிலும் இல்லை. நினைவுக் கட்டுரை எம்.ஜி.ஆருக்கு எழுதிய பாடல்களோடு நின்றுவிட்டது. ‘படகோட்டி’யும் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் பேசப்பட வேண்டியவைதாம், ஆனால் 1963-இல் ‘கற்பகம்’ படத்தால் நிலைபெற்று, 2013-இல் மறையும்வரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய ஒருவரை முதல் பத்தாண்டுக்குள்ளேயே அடைத்துவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

‘நிழல்கள்’ 1980-இல் வந்த பாரதிராஜா படம். அந்தப் படம் என்றாலே வைரமுத்து அறிமுகமான படம் என்றுதான் பேச்சு எழும். அந்தப் பேச்சின் நிழலில், அதே படத்தில் வாலியும் ஒரு பாட்டு எழுதினார் என்பது மறைந்துபோய்விட்டது. படித்தவர்கள் பலரே ‘மடை திறந்து’ பாட்டையும் வைரமுத்துவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாட, திரையில் சந்திரசேகர் நடிக்க, வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் ஒருவன் தன் வெற்றியைத் தானே கற்பனை செய்து பார்க்கும் காட்சி அது. இன்னும் யாராலும் ஏற்கப்படாத ஒருவன், ‘நான் யார் தெரியுமா’ என்று உலகத்திடம் முழங்குகிறான். ராப் என்ற வடிவத்தின் உயிர்நாடியே இந்தத் தன்முழக்கம்தான் என்பதை அந்த இசையைக் கொஞ்சமேனும் கேட்டவர்கள் அறிவார்கள். ஆகவே மலேசியத் தமிழ் இளைஞர்கள் தங்கள் ஆல்பத்துக்கு இளையராஜாவின் ஆயிரக்கணக்கான பாடல்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்ததற்கு மெட்டின் துள்ளல் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அந்தப் பாட்டின் ‘நான்’ அவர்களுடைய ‘நான்’ ஆக எளிதில் மாறக்கூடியதாக இருந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் பல்லவியை வைத்துக்கொண்டு, இடையில் தங்கள் சொந்த அடிகளைச் சேர்த்தார்கள்.

திருச்சியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பாட்டு கேட்பதுண்டு. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் முதல் பொறியியல் கல்லூரி மாணவர்வரை எல்லா வயதினரும் வருவார்கள். அண்மையில் ஒரு மாலை, கவனிக்கப்படாமல் போன ராப் ஆல்பங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தானே ராப் எழுதும் அந்த மாணவர், மொட்டை மாடியில் கிடந்த காலித் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டியபடி, ‘மடை திறந்து’ பல்லவியை மெட்டை நீக்கி வெறும் பேச்சாகச் சொல்லிக் காட்டினார். முதல் அடியின் ‘தாவும்’ எந்த இடத்தில் விழுந்ததோ அதே அடியில் அடுத்த வரியின் ‘கூவும்’ வந்து விழுந்தது. இரண்டு வரியும் ‘நான்’ என்று முடியும்போது கேன் அதிர்ந்தது. ‘மடை’க்கு ‘மனம்’ மோனை, ‘தாவும்’ ‘கூவும்’ எதுகை, ‘நான்’ இயைபு. மெட்டு போட்ட பிறகு, சொல்லில்லாத ‘தன்னன்னா’ சந்தமான தத்தகாரத்துக்கு எழுதிப் பழகிய கை அல்லவா! மெட்டை எடுத்துவிட்டாலும் தாளம் சொல்லுக்குள்ளேயே இருந்தது. வங்கி நண்பர், ‘இதைத்தான் அருணகிரிநாதர் திருப்புகழில் செய்துவிட்டாரே’ என்றார். அவர் எதற்கும் அருணகிரிநாதரை இழுப்பவர் என்றாலும் அன்று சொன்னது பொருத்தமாகவே இருந்தது.

வாலியின் பாட்டு ராப்புக்குள் போனது அந்த ஒருமுறை மட்டும் அன்று. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறியும் பிரிட்டன் தமிழ் ராப் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’ ஆல்பம் 2007-இல் வெளிவந்தது. அதன் முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்த ஒலித்துணுக்கு ஒன்று இருக்கிறது. ‘தளபதி’யின் பாடல்கள் அனைத்தையும் எழுதியவர் வாலி. ‘கலா’வுக்காக எம்.ஐ.ஏ. சென்னைக்கு வந்து உருமி மேளக் கலைஞர்களின் வாசிப்பையும் பதிவுசெய்து சேர்த்துக்கொண்டார். அந்த ஆல்பத்தைக் கவனிக்கப்படாதது என்று யாரும் சொல்ல முடியாது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகளில் அதைத் தமிழோடு தொடர்புடைய ஆல்பமாக எடுத்துக்கொண்டு பாட்டு பாட்டாக எழுதிய விமர்சனம் ஒன்றையும் நான் படித்ததில்லை. தங்கள் பட்டியலிலும் அது இல்லை. மொழி ஆங்கிலம் என்பது காரணமாக இருந்தால், அதைக் கட்டுரையில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கலாம்.

பட்டியலில் இடம்பெற்ற ஒரே ராப் ஆல்பம் ஹிப்ஹாப் தமிழா குழுவின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ (2012). அதைச் சேர்த்தது தவறு என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு இளைஞர்களிடம் ராப்பைப் பரவலாகக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். (முந்தைய ஆண்டு அவர்களுக்குப் புகழ் தேடித்தந்த ‘கிளப்புல மப்புல’ பாட்டு, பெண்களுக்கு ஒழுக்கம் போதிக்கக் கிளம்பிய விதம் அன்றே எனக்கு உவப்பாக இல்லை; இன்று கேட்டால் இன்னும் கசக்கிறது.) ஆனால் அந்த ஆல்பத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லாததுபோல் பட்டியல் எழுதப்பட்டிருப்பதுதான் சிக்கல். கோலாலம்பூரின் ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1998-இலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என நான்கு மொழிகளும் ஒரே தட்டில் இருந்தன. யோகி பி அந்தக் குழுவில் இருந்து வந்தவர்தான். மலேசியத் தெருவில் ஒரு தமிழ்ப் பையன் நாளெல்லாம் கேட்கும் மொழிகள் எவையோ அவையே அந்த ஆல்பத்தின் மொழிகள் என்பதால், அதில் தமிழ் ஒட்டவைத்ததுபோல் இருக்காது.

‘மடை திறந்து’ ராப் இடம்பெற்ற, யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ ஆல்பத்துக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘மடை திறந்து’ காணொளி இசைத் தொலைக்காட்சிகளில் ஓடி, கல்லூரி விழாக்களில் ஆடப்பட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டாயிற்று. ஆனால் அது ஓர் ஆல்பத்தின் ஒரு பாட்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. திருச்சியில் அந்த சிடியை அப்போது நான் கேட்காத கடை இல்லை. கடைசியில் சிங்கப்பூரில் வேலை பார்த்த உறவினர் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தார். அதை முழுமையாகக் கேட்ட பிறகுதான், பிரபலமான அந்தப் பாட்டு உள்ளே நுழைவதற்கு வைத்த வாசல் மட்டுமே என்று புரிந்தது. அவர்கள் பேசிய தமிழ் சென்னைத் திரைத்தமிழாக இல்லாமல் மலேசிய மண்ணின் தமிழாக இருந்தது. எழுத்துத் தமிழின் கடுஞ்சொற்களையும் தெருப்பேச்சையும் கூச்சமின்றி ஒரே அடியில் கோத்தார்கள். அளவுக்கு மீறிய தற்பெருமை அதில் உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் சற்று அலுக்கும். ஆனால் குறை சொல்வதற்குக்கூட ஆல்பத்தை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அதன் பிறகு யோகி பி என்றால் தமிழ்நாட்டில் ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ ரீமிக்ஸில் வந்தவர் என்பதே அடையாளமாயிற்று. அது கண்ணதாசன் எழுதிய பாட்டு என்பதும் சேர்ந்தே மறக்கப்பட்டது.

நம் ஊரில் பாட்டு என்பது படத்தோடு பிறந்து படத்தோடு வளர்வது. பண்பலை வானொலிகள் ஒலிபரப்புவதும், திருமண மண்டபங்களில் ஒலிப்பதும், பத்திரிகைகள் விமர்சிப்பதும் பெரும்பாலும் திரைப்பாடல்களையே. படம் சாராத ஆல்பத்தில் ஒரு பாட்டு மட்டும் எப்படியோ தப்பித்துக் கரையேறும், மற்றவை மூழ்கிவிடும். ராப் ஆல்பங்களுக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம். திரைப்பாட்டு தன் கதையைப் படத்திடம் ஒப்படைத்துவிடலாம். ராப் ஆல்பத்தில் முதல் பாட்டில் சொன்ன ஊர் ஐந்தாம் பாட்டில் வேறு முகத்தோடு வரும்; இரண்டாம் பாட்டில் கோபப்பட்டவன் கடைசிப் பாட்டில் அம்மாவிடம் பேசுவான். ஒன்றைப் பிய்த்து எடுத்தால் மற்றதன் பொருள் குறைந்துவிடும்.

ராப் கலைஞர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ அப்படித் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டிய ஆல்பம். சாதியையும் அதிகாரத்தையும் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கும் அதன் அடிகள், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் கானாவோடும் ராப்போடும் தொடர்புடையவை. அறிவு அந்தக் குழுவில் பாடியவர். ஆனால் இன்று அரக்கோணத்து அறிவு என்றால் ‘என்ஜாய் எஞ்சாமி’ (2021) மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதுபோலவே யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலின் ‘மேட் இன் ஜாஃப்னா’ (2021) ஆல்பத்தையும் தமிழ்ப் பத்திரிகைகள் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. யாஞ்சனின் மிருதங்கத்தோடு அவர் செய்த சிறு காணொளிகளைப் பகிர்ந்தவர்கள்கூட முழு ஆல்பத்துக்குப் போகவில்லை.

‘என்ஜாய் எஞ்சாமி’யைக் குறிப்பிட்டதால் எழுதியவரின் பெயர் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய தன் பாட்டியின் வாழ்வை நினைத்து அறிவு எழுதிய அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள், அறிவு இடம்பெறவில்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். விவாதம் எழுந்த பிறகு அந்த இதழ் இணையத்தில் அறிவுக்குத் தனி அட்டை வெளியிட்டது. அட்டையில் வந்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், பாட்டை எழுதியவரே அதைப் பாடியவராகவும் இருந்தபோதே இப்படி நேர்ந்தது என்றால், எழுத மட்டும் செய்பவரின் நிலை என்ன என்று யோசிக்கலாம்.

என் தலைமுறையினர் வாலியின் பெயரைப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ‘பாடல் இயற்றியவர் வாலி’ என்று இலங்கை வானொலியிலும் திருச்சி வானொலியிலும் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிச் சொல்லியே எங்கள் காதில் ஏற்றினார்கள். அதே திருச்சி வானொலிக்கு, டி.எஸ். ரங்கராஜன் என்ற பெயரில் ஸ்ரீரங்கத்தில் இருந்த நாட்களில், வாலி எழுதிக்கொடுத்தவர் என்பது எங்கள் ஊருக்குச் சற்றுப் பெருமை. இன்று கைபேசியில் பாட்டு ஒலிக்கும்போது பாடகர் பெயர் ஓடுகிறது, இசையமைப்பாளர் பெயர் ஓடுகிறது, நடிகரின் படம் தெரிகிறது. எழுதியவர் பெயர் வேண்டுமென்றால் திரையைத் தட்டி, மேலும் தட்டி, பல நேரம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்பைத் தன்னுடையது என்று கோரும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி காத்தது. பணத்துக்குச் சட்டம் வழி செய்துவிட்டது. பெயரைச் சொல்லும் பழக்கத்தைத்தான் நாம் விட்டுவிட்டோம். தங்கள் நாளிதழின் பாடல் விமர்சனங்களிலும் இசையமைப்பாளர் பெயர் தவறாமல் வருகிறது; பாடலாசிரியர் பெயர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

இவ்வளவும் சொன்னதால் வாலியைத் தமிழ் ராப்பின் தந்தை என்று நிறுவ முயல்கிறேன் என எண்ண வேண்டாம். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அப்படிச் சொல்லப்போய், ‘சிக்கு புக்கு’, ‘முக்காலா’ பாடல்களைச் சான்று காட்டினார். அவை துள்ளலான பாடல்கள், அவ்வளவுதான். ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டையும் வாலியே எழுதினார் என்று அவர் மேலும் சொன்னார். அதை எழுதியவர் இயக்குநர் ஷங்கர். பெயர் பதியப்படாத இடத்தில் இப்படித்தான் ஒருவர் பாட்டு இன்னொருவர் கணக்கில் ஏறும். வாலிக்கும் ராப் கலைஞருக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு உண்டு. வாலி பிறர் வாய்க்கு எழுதியவர், எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், கமல்ஹாசனுக்கு ஒரு குரல், படகோட்டிக்கு ஒன்று, கல்லூரி மாணவனுக்கு ஒன்று. ராப் கலைஞர் தன் பெயரில், தன் தெருவில் நின்று, தன் வாயால் சொல்கிறார். யாருக்காகவோ எழுதிய வரியை இன்னொருவர் சொந்த வாக்காக எடுத்துக்கொள்வது நடக்காமலும் இல்லை. சென்னைக்கு வந்து வாய்ப்பின்றிச் சோர்ந்து ஊர் திரும்பவிருந்த வாலியை, ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’ பாட்டை பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டியதுதான் தடுத்து நிறுத்தியது என்பதை வாலியே பல முறை சொல்லியிருக்கிறார். அந்த வாலி, ஐம்பது வயதை நெருங்கும்போது, வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவனுக்காக எழுதியதைக் கோலாலம்பூர் இளைஞர்கள் கால் நூற்றாண்டுக்குப் பின் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். நினைவு நாள் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் எதிர்ப்பக்கத்துப் பட்டியலும் தானாகவே விரிந்திருக்கும்.

தாங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ‘மடை திறந்து’ பாட்டை எழுதியவர் வாலி என்ற ஒரு வரித் திருத்தத்தை வரும் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். இனி வரும் இசை விமர்சனங்களில், அது திரைப்பாட்டானாலும் ராப்பானாலும், எழுதியவர் பெயரை அச்சிடுவதை ஆசிரியர் குழு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வெளிவந்த காலத்தில் யாரும் எழுதாமல் விட்ட ஆல்பங்களுக்குத் தாமதமான விமர்சனம் எழுத மாதம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்கினாலும் போதும்; மலேசியா, இலங்கை, கனடா, வடசென்னை என்று எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது. அதை ‘வல்லவன்’ ஆல்பத்திலிருந்து தொடங்கத் தங்கள் விமர்சகர் முன்வந்தால், என்னிடம் உள்ள சிடியை அஞ்சலில் அனுப்பத் தயாராக இருக்கிறேன். உறை உடைந்திருக்கிறது, வட்டு நன்றாகவே ஓடுகிறது. கேட்டு முடித்ததும் மறக்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி